நாலு பிரின்டர்... ஒரு கம்ப்யூட்டர்... வாசல்ல லாரி வரிசை!

ஒரு கம்ப்யூட்டர்ல மொத்தம் எத்தனை பிரின்டர் மாட்டலாம்? வைவாவில் எக்ஸ்டர்னல் இப்படிக் கேட்டால் கூசாமல் '127 சார்' என்று சொல்லிவிடலாம். யு.எஸ்.பி.யில் ஒரு டிவைஸோட அட்ரஸ் 7 பிட். அதில் பூஜ்யத்தைக் கழித்தால் 127. ஹப், மவுஸ், கீபோர்டு எல்லாம் இதற்குள் அடக்கம். முழு மார்க்!

இதே கேள்வியை கும்மிடிப்பூண்டி சிப்காட்ல போய்க் கேட்டுப் பாருங்க. 'நாலு மாட்டினாலே மவுஸ் நகர மாட்டேங்குது தம்பி'ன்னு பதில் வரும். புக்குல இருந்த மீதி 123 பிரின்டர் எங்கே போச்சு? அதுதான் இந்த வார மேட்டர்.

இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்காக ரெண்டு வாரம் அங்கே ஒரு ரோலிங் மில்லுக்குப் போயிருந்தேன். பேர் வேண்டாமே! கட்டடம் கட்டுற கம்பி உருட்டுற கம்பெனி. ஃபர்னஸ் பக்கம் நின்னு வேடிக்கை பார்க்கலாம்னு போனவனை, 'நீ கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்தானே'ன்னு எடை மேடைக்குப் பக்கத்துல இருந்த டிஸ்பாட்ச் ரூமுக்குத் தள்ளிவிட்டாங்க. பத்துக்குப் பத்து ரூம். ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுக்கு நாலு பிரின்டர்.

ஏன் நாலு? முதலாவது, எடைச் சீட்டு போடுற டாட் மேட்ரிக்ஸ். கார்பன் காப்பி வேணும்னா ஊசி அடிச்சாத்தான் முடியும், லேசரால ஆகாது. ரெண்டாவது, இன்வாய்ஸும் இ-வே பில்லும் அடிக்கிற லேசர். மூணாவது, கம்பிக் கட்டுல தொங்குற பார்கோடு டேக் அடிக்கிற லேபிள் பிரின்டர். நாலாவது, க்யூ.சி. கேபின்ல இருக்கிற நெட்வொர்க் பிரின்டர். கம்பியோட டெஸ்ட் சர்டிஃபிகேட் அங்கேதான் வரும், கையெழுத்தும் அங்கேதான் விழும். இந்த நாலு பேப்பரும் ஒண்ணு சேர்ந்தாத்தான் ஒரு லாரி கேட்டைத் தாண்டும்.

சரக்கு அனுப்புறவங்களுக்குப் பேப்பர் எவ்வளவு முக்கியம்னு காலேஜ்ல யாரும் சொல்லித் தர்றதில்லை. 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தப்போ, விதி 48-ல சரக்கு இன்வாய்ஸுக்கு மூணு காப்பின்னு எழுதினாங்க: வாங்குறவருக்கு ஒண்ணு, லாரிக்கு ஒண்ணு, விற்கிறவருக்கு ஒண்ணு. 2018 ஏப்ரல் 1-லேர்ந்து மாநிலம் தாண்டுற சரக்குக்கு இ-வே பில். தமிழ்நாட்டுக்குள்ளேயே போற சரக்குக்கு அதே வருஷம் ஜூன் 2-லேர்ந்து. கும்மிடிப்பூண்டியிலேர்ந்து வடக்கே திரும்பினா எளாவூர் செக்போஸ்ட், அதைத் தாண்டினா ஆந்திரா. அதனால இங்கே பாதி லாரிக்கு 'மாநிலம் தாண்டுறது' அன்றாட வேலை. அப்புறம் இ-இன்வாய்ஸ் வந்தது. 2020 அக்டோபர்ல 500 கோடி டர்ன்ஓவர் கம்பெனிகளுக்கு ஆரம்பிச்சு, 2023 ஆகஸ்ட் 1-ல 5 கோடி வரைக்கும் இறங்கிடுச்சு. தமாஷ் என்னன்னா, இ-இன்வாய்ஸ் போடுறவங்களுக்கு அந்த மூணு காப்பி கட்டாயமே கிடையாதுன்னு அதே விதி 48-லேயே இருக்கு. ஆனா செக்யூரிட்டி ஒண்ணு கேட்பார், டிரைவர் ஒண்ணு கேட்பார், அக்கவுன்ட்ஸ்ல 'ஃபைலுக்கு ஒண்ணு' கேட்பாங்க. டிஜிட்டல் வந்தா பேப்பர் குறையும்னு சொன்னவர் டிஸ்பாட்ச் ரூமைப் பார்த்ததே இல்லை போல!

அந்த ரூமை நடத்துறது ஒரு அக்கா. கான்ட்ராக்ட் ஸ்டாஃப். காலையில லாரி வரிசை கட்டும்போது கரெக்டா கம்ப்யூட்டர் உறைஞ்சு போகும். எக்ஸெல் திறக்காது. எடை மேடை சாஃப்ட்வேர் வெளுத்துப் போய் நிக்கும். ஜன்னல்ல டிரைவர்கள் தட்டுவாங்க. ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்தவருக்குக் கோபம் வராம என்ன செய்யும்? இத்தனைக்கும் அது பழைய டப்பா கம்ப்யூட்டர் இல்லை. அதை மாத்திட்டு, புதுசு வாங்கி வெச்சிருந்தாங்க. அப்பவும் அதே கதை. அதனால மேலிடத்துல ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க: 'மெஷின் புதுசு, அப்போ கோளாறு ஆள்கிட்டதான். அந்தப் பொண்ணுக்கு ஸ்பீடு பத்தலை.' அடுத்த மாசம் அக்காவோட கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாசம்.

எனக்குச் சுருக்குன்னு இருந்தது. ஏன்னா, பக்கத்துல உட்கார்ந்து பார்த்தவன் நான். அவங்க விரல் கீபோர்டுல ஓடுற வேகத்துக்கு எங்க கிளாஸ்ல பாதிப் பேர் நிக்க முடியாது.

அடுத்த தடவை உறைஞ்சப்போ டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். அங்கேதான் ட்விஸ்ட். கம்ப்யூட்டர் திணறிக்கிட்டு இருக்கும்னு நினைச்சா, சி.பி.யு. கால் மேல கால் போட்டு உட்கார்ந்திருக்கு! மெமரி பாதி காலி. அதாவது, வேலை அதிகமாகி அது ஸ்லோ ஆகலை. யாரோ பதில் சொல்றதுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. இந்த வித்தியாசம் புரிஞ்சுட்டா பாதிப் பிரச்னை முடிஞ்சது. வேலை அதிகம்னா பெரிய கம்ப்யூட்டர் வாங்கலாம். காத்திருக்கிறதுதான் பிரச்னைன்னா, சூப்பர் கம்ப்யூட்டரே வாங்கி வெச்சாலும் அதுவும் காத்துக்கிட்டுதான் நிக்கும்.

இதைப் புரிஞ்சுக்க ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். 1959-ல ஐ.பி.எம். கம்பெனி 1403-ன்னு ஒரு பிரின்டர் கொண்டு வந்தது. நிமிஷத்துக்கு 600 வரி. அந்தக் காலத்துக்கு அசுர வேகம். ஆனா கம்ப்யூட்டரோட வேகத்துக்கு முன்னாடி அதுவும் ஆமைதான். கோடிக்கணக்குல விலை போட்டு வாங்கின பெரிய கம்ப்யூட்டரைப் பிரின்டருக்குப் பக்கத்துல காவல் நிக்க வைக்க முடியுமா? அதனால பெரிய கம்ப்யூட்டர் ரிசல்ட்டை மேக்னடிக் டேப்ல எழுதிட்டு அடுத்த வேலைக்குப் போயிடும். அந்த டேப்பை ஒரு ஆள் கழட்டி, பக்கத்துல இருக்கிற 1401-ங்கிற சின்ன கம்ப்யூட்டர்ல மாட்டுவார். அது நிதானமா அடிக்கும். பிற்பாடு இந்த டேப் மாத்துற வேலையையும் கம்ப்யூட்டருக்குள்ளேயே, டிஸ்க்ல செய்ய ஆரம்பிச்சாங்க. அதுதான் ஸ்பூலிங். ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல ரெண்டு மார்க்குக்கு மனப்பாடம் பண்றோமே, அதே ஸ்பூலிங்!

நம்ம மெஸ்ஸை வெச்சுச் சொன்னா இன்னும் ஈஸி. சப்ளையர் உங்ககிட்ட ஆர்டர் எடுக்கிறார். சீட்டைக் கிச்சன் ஜன்னல் ஆணியில குத்திட்டு அடுத்த டேபிளுக்குப் போயிடுறார். மாஸ்டர் சீட்டைப் பார்த்து தோசை வார்க்கிறார். அந்த ஆணிதான் ஸ்பூல். ஆணி இல்லைன்னா? ஒவ்வொரு தோசையும் வேகுற வரைக்கும் சப்ளையர் கல்லுக்குப் பக்கத்துலேயே நிக்கணும். அத்தனை டேபிளும் பட்டினி.

எங்க டிஸ்பாட்ச் ரூம்ல இதேதான் நடந்துக்கிட்டு இருந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரோட ப்ராப்பர்ட்டீஸ்ல 'அட்வான்ஸ்டு' பக்கம் போனா ரெண்டு சாய்ஸ் இருக்கும். ஒண்ணு, ஸ்பூல் பண்ணி அனுப்பு. இன்னொண்ணு, நேரா பிரின்டருக்கே அனுப்பு. யாரோ ஒரு சர்வீஸ் இன்ஜினீயர் எப்பவோ ரெண்டாவதை டிக் பண்ணிட்டுப் போயிருக்கார். அதனால பிரின்டர் கடகடன்னு கடைசி வரி அடிச்சு முடிக்கிற வரைக்கும் எடை மேடை சாஃப்ட்வேர் ஸ்டாச்சு! முதல் சாய்ஸை டிக் பண்ணி, அதுக்குக் கீழேயே 'உடனே பிரின்ட் ஆரம்பி'ங்கிறதையும் டிக் பண்ணினதும் அது சரியாச்சு.

அடுத்த குற்றவாளி இதைவிடச் சுவாரஸ்யம். பிரின்டர் லிஸ்ட்டைத் திறந்தா நாலுக்குப் பதிலா பதினொண்ணு! பழைய ஆபீஸ்ல இருந்து எப்பவோ காயலான் கடைக்குப் போன நெட்வொர்க் பிரின்டர் ஒண்ணு, பேர் மட்டும் பேயா அலையுது. அதுமட்டுமில்லை, அதுதான் டீஃபால்ட்! எக்ஸெல் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் டீஃபால்ட் பிரின்டர்கிட்ட 'உன் பேப்பர் சைஸ் என்ன, ஓரத்துல எவ்வளவு விடணும்'னு கேட்கும். பக்கம் எங்கே உடையுதுன்னு கணக்குப் போட அது தேவை. செத்துப்போனவர் எப்படிப் பதில் சொல்வார்? நெட்வொர்க் டைம்-அவுட் ஆகுற வரைக்கும் எக்ஸெல் காத்துக்கிட்டே இருக்கும். உங்க வீட்டு லேப்டாப்புல வேர்டு, எக்ஸெல் திறக்க நேரமானா, ரேம் வாங்குறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை பார்த்துடுங்க. விண்டோஸ் 10, 11-ல 'டீஃபால்ட் பிரின்டரை விண்டோஸே பார்த்துக்கட்டும்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு. அது ஆன்ல இருந்தா, கடைசியா எதுல அடிச்சீங்களோ அதுதான் டீஃபால்ட். நாலு பிரின்டர் இருக்கிற இடத்துல இதைவிடக் குழப்பம் வேண்டாம். ஆஃப்!

மீதிப் பேய்களுக்கும் ஒரு காரணம் இருந்தது. சில யு.எஸ்.பி. பிரின்டருக்குள்ள சீரியல் நம்பர் இருக்காது. அதை வேற போர்ட்டுல மாட்டினா விண்டோஸ் 'யாரோ புது ஆள்'னு நினைச்சு 'காப்பி 1'னு இன்னொரு என்ட்ரி போட்டுடும். கூட்டுற அண்ணன் வயரைக் கழட்டி மாட்டினா காப்பி 2. அக்கா பழைய பேருக்கு பிரின்ட் கொடுப்பாங்க, பேப்பர் வராது, மறுபடி கொடுப்பாங்க. க்யூவுல தேங்கிக்கிட்டே போகும். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்32, அதுக்குள்ள ஸ்பூல், அதுக்குள்ள பிரின்டர்ஸ்னு ஒரு ஃபோல்டர். அதைத் திறந்தா மாசக்கணக்குல அடிக்கப்படாத எடைச் சீட்டுகள் குவிஞ்சு கிடக்கு. சுத்தம் பண்ற முறை: சர்வீசஸ்ல போய் 'பிரின்ட் ஸ்பூலர்' சர்வீஸை நிறுத்துங்க, அந்த ஃபோல்டருக்குள்ள இருக்கிற ஃபைல்களை அழிங்க, சர்வீஸை மறுபடி ஆரம்பிங்க. ஃபோல்டரையே அழிச்சுடாதீங்க! முக்கியமான இன்வாய்ஸ் எதுவும் க்யூவுல நிக்கலையான்னு முன்னாடியே பார்த்துக்கோங்க.

போர்ட்டுக்குப் போர்ட் மாத்துறது ஏன்? 'கனெக்‌ஷன் அடிக்கடி விட்டுப் போகுது தம்பி'ன்னாங்க. விடாம என்ன செய்யும்? யு.எஸ்.பி. 2.0 கேபிளுக்கு ஸ்பெசிஃபிகேஷன்படி 5 மீட்டர்தான் எல்லை. இவங்க அதைத் தாண்டி, எக்ஸ்டென்ஷன் மேல எக்ஸ்டென்ஷன் போட்டு, வெல்டிங் நடக்கிற பக்கமா இழுத்திருந்தாங்க. சாதா ஈத்தர்நெட் கேபிள் 100 மீட்டர் வரைக்கும் போகும், மின் இரைச்சலையும் நல்லா தாங்கும். அதனால தூரத்துல இருக்கிற பிரின்டருக்கு நெட்வொர்க்தான் பெஸ்ட். ஆனா ஐ.பி. அட்ரஸை நிலையா வெச்சிடணும். இல்லைன்னா கரன்ட் போய் வந்ததும் அட்ரஸ் மாறிடும், நம்ம பேய்க்கதை முதல்லேர்ந்து ஆரம்பிக்கும். இன்னொரு விஷயம்: போர்ட் செட்டிங்ல எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ்னு ஒரு டிக் இருக்கும். பிரின்டர் அதுக்குப் பதில் சொல்லாத ரகம்னா, நல்லா ஓடுற பிரின்டரையே விண்டோஸ் 'ஆஃப்லைன்'னு ஒதுக்கி வெச்சிடும். அந்த டிக்கை எடுத்துடலாம்.

இது எல்லாம் காத்திருப்புக் கணக்கு. நிஜமாவே வேலை கூடுற கணக்கும் ஒண்ணு இருக்கு. மறுபடி மெஸ்ஸுக்கு வாங்க. சில மாஸ்டருக்குச் சீட்டு மட்டும் போதும், அவரே வார்த்துடுவார். சில இடத்துல பில் போடுற ஆளே தோசையும் வார்த்து, தட்டுல வெச்சு நீட்டணும். பிரின்டர்லேயும் இந்த ரெண்டு ஜாதி உண்டு. ஜெராக்ஸ் கடைகள்ல வருஷக்கணக்கா கொடிகட்டிப் பறந்த எச்.பி. லேசர்ஜெட் 1020 ரெண்டாவது ரகம். பக்கத்தைப் புள்ளி புள்ளியா வரைஞ்சு கொடுக்க வேண்டியது கம்ப்யூட்டரோட வேலை. ஏ4 பக்கத்தை 600 டி.பி.ஐ.யில் வரைஞ்சா சுமார் மூணரைக் கோடி புள்ளி. சுருக்காம வெச்சா 4 எம்.பி.க்கு மேல. ஆன் பண்ணினதும் அந்தப் பிரின்டரோட ஃபர்ம்வேரைக்கூட கம்ப்யூட்டர்தான் ஊட்டிவிடணும், அவ்வளவு செல்லப் பிள்ளை! பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் புரியுற பிரின்டர்னா, எழுத்தையும் கோட்டையும் பத்தின குறிப்பை மட்டும் அனுப்பினா போதும். வரையுற வேலையை அதுவே பார்த்துக்கும்.

லேபிள் பிரின்டர்ல இந்த வித்தியாசம் அப்பட்டமா தெரியும். 4-க்கு 6 இன்ச் லேபிளை 203 டி.பி.ஐ.யில் படமா அனுப்பினா, கிட்டத்தட்ட பத்து லட்சம் புள்ளி, 120 கே.பி.க்கு மேல. அதே லேபிளை ஜீப்ரா பிரின்டருக்குப் புரியுற இசட்.பி.எல். மொழியில 'இங்கே பார்கோடு போடு, இங்கே ஹீட் நம்பர் எழுது'ன்னு அனுப்பினா சில நூறு பைட்டுதான். டாட் மேட்ரிக்ஸும் அப்படியே. 80 எழுத்து, 60 வரின்னா ஒரு பக்கம் 5 கே.பி.கூட வராது. அதையே கிராஃபிக்ஸா மாத்தினா பல மடங்கு ஊதும், ஊசியும் மெதுவாத்தான் நகரும். டேலியில் பிரின்ட் கொடுக்கும்போது 'நீட்', 'டாட் மேட்ரிக்ஸ்', 'குயிக்'னு மூணு ஃபார்மட் வருமே, அது இதுக்குத்தான். டாட் மேட்ரிக்ஸ்ல நீட் மோட் போட்டா அழகா வரும், டிரைவர் டீ குடிச்சுட்டு வந்துடலாம். (தமிழ்ல பிரின்ட் வேணும்னா மட்டும் பெரும்பாலும் கிராஃபிக்ஸ்தான் வழி. எடைச் சீட்டு தமிழ்ல வந்தா நல்லாத்தான் இருக்கும், என்ன செய்ய?)

இதெல்லாம் முடிஞ்சதும் பண்ணின கடைசி வேலை, களையெடுப்பு. ஒவ்வொரு பிரின்டர் சி.டி.யும் டிரைவரோட சேர்த்து இங்க் காட்டுறது, ஸ்டேட்டஸ் காட்டுறது, 'அப்டேட் வந்திருக்கு'ன்னு சொல்றதுன்னு ஒரு பட்டாளத்தையே இறக்கிவிடும். நாலு பிரின்டர்னா நாலு பட்டாளம். டிரைவரை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததை அனுப்பிவிட்டோம். நாலு டிரைவர்ல ஒண்ணு சொதப்பினாலும் ஸ்பூலரே படுத்து, மத்த மூணும் சேர்ந்து படுக்கும். விண்டோஸ் 7-லேர்ந்து ஒவ்வொரு டிரைவரையும் தனி அறையில பூட்டி வைக்கிற 'டிரைவர் ஐசொலேஷன்' இருக்கு. விண்டோஸ் புரோவுல பிரின்ட் மேனேஜ்மென்ட்ல கிடைக்கும், ஹோம் எடிஷன்ல அந்த ஜன்னல் இல்லை.

மெயின்டனன்ஸ் அண்ணன் ஒருத்தரும் நானும் ரெண்டு மதியம் உட்கார்ந்தோம். ஒரு ரூபாய்க்குக்கூட எதுவும் வாங்கலை. அப்புறம் வந்த திங்கள்கிழமை காலையில வரிசை வந்தது, நகர்ந்தது. அவ்வளவுதான். யாரும் கைதட்டலை. ஆனா அந்த 'ஸ்பீடு பத்தாத' பொண்ணுதான் அன்னிக்கும் டைப் அடிச்சாங்கன்னு மேலிடத்துல எல்லாரும் பார்த்தாங்க. மெயின்டனன்ஸ் அண்ணன் என்னென்ன மாத்தினோம்னு ஒரு பேப்பர்ல எழுதி, அக்காவையே கையெழுத்துப் போட வெச்சு மேனேஜர்கிட்ட கொடுத்தார். கான்ட்ராக்ட் புதுப்பிச்சாச்சுன்னு பிறகு அக்காவே போன்ல சொன்னாங்க. திட்டினதுக்கு யாராவது ஸாரி சொன்னாங்களான்னு கேட்டேன். சிரிச்சாங்க.

'எனக்கு ஃபேக்டரி வேண்டாம் பாஸ், புராஜெக்ட் ரிப்போர்ட் டைம்ல காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடைக்கு வழி சொல்லு'ங்கிறீங்களா? ஒரே மாடல் பிரின்டர் ரெண்டு இருந்தா, போர்ட்ஸ் பக்கத்துல 'பிரின்டர் பூலிங்'கை டிக் பண்ணி ரெண்டு போர்ட்டையும் தேர்வு பண்ணிடுங்க. லிஸ்ட்டுல ஒரே பேர், பின்னாடி ரெண்டு மெஷின். எது சும்மா இருக்கோ அதுக்கு அடுத்த வேலை போகும். ஆனா ஒரே ஜாப்பை அது ரெண்டா பிரிக்காது. அஞ்சு காப்பியை ஒரே ஜாப்பா கொடுத்தா ஒரு மெஷின் உழைக்கும், இன்னொண்ணு தூங்கும். தனித்தனி ஜாப்பா கொடுக்கணும்னு கடை அண்ணன்கிட்ட சொல்லுங்க. ரொம்ப அவசரக்காரங்களுக்கு அதே பிரின்டரை இன்னொரு பேர்ல சேர்த்து, பிரயாரிட்டியை 1-லேர்ந்து 99-க்கு ஏத்திடலாம். அந்தப் பேர்ல வர்றது முன்னாடி போகும். (இதை உங்க கிளாஸ் ரெப்கிட்ட சொல்லாதீங்க!)

மினி புராஜெக்ட்டுக்கு ஐடியா தேடுறவங்களுக்கும் இங்கே ஒண்ணு இருக்கு. 1401 பண்ணின அதே வேலையை இன்னிக்கு உள்ளங்கை சைஸ் ராஸ்ப்பெரி பை பண்ணும். அதுல லினக்ஸ் போட்டு, 'கப்ஸ்'ங்கிற பிரின்ட் சிஸ்டத்தை ஏத்தி, யு.எஸ்.பி. பிரின்டர்களை எல்லாம் அதுல மாட்டிடுங்க. 1999-ல முதல் தடவையா வெளிவந்து, 2007-ல ஆப்பிள் வாங்கின சாஃப்ட்வேர் அது. மெயின் கம்ப்யூட்டர் வேலையை அதுகிட்ட தள்ளிட்டுப் போயிடும். க்யூ, பேப்பர் ஜாம் எல்லாம் அதோட தலைவலி. வாங்குறதுக்கு முன்னாடி உங்க பிரின்டருக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கான்னு மட்டும் பார்த்துக்கோங்க. ஃப்ரீ சாஃப்ட்வேர் இயக்கத்தைத் தொடங்கின ரிச்சர்ட் ஸ்டால்மேனுக்கே ஆரம்பக் கடுப்பு ஒரு பிரின்டர்தான், தெரியுமா? எம்.ஐ.டி. லேப்ல இருந்த ஜெராக்ஸ் லேசர் பிரின்டர் அடிக்கடி ஜாம் ஆச்சு. 'ஜாம் ஆனா எல்லாருக்கும் மெசேஜ் போற மாதிரி மாத்துறேன், சோர்ஸ் கோடு கொடுங்க'ன்னு கேட்டார். கிடைக்கலை.

ஸ்பூலரைப் பத்தி ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2010-ல ஈரான் அணு நிலையத்தைக் கலக்கின ஸ்டக்ஸ்நெட், பரவுறதுக்குப் பயன்படுத்தின ஓட்டைகள்ல ஒண்ணு விண்டோஸ் பிரின்ட் ஸ்பூலர்ல இருந்தது. 2021-ல 'பிரின்ட் நைட்மேர்'னு அடுத்தது கிளம்பி, மைக்ரோசாஃப்ட் அவசர அவசரமா பேட்ச் விட்டது. அதனால 'அப்டேட் போட்டா பிரின்டர் போயிடும்'னு அப்டேட்டையே நிறுத்தி வைக்கிற வேலை வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியே முடிஞ்சது. மாறினவங்க ஒண்ணு கவனிங்க: விண்டோஸ் 11-ல 2024-லேர்ந்து 'புரொடெக்டட் பிரின்ட் மோட்'னு ஒரு சுவிட்ச் இருக்கு. பாதுகாப்புக்கு நல்லதுதான். ஆனா அதை ஆன் பண்ணினா, மோப்ரியா சர்டிஃபிகேட் வாங்கின பிரின்டர் மட்டும்தான் வேலை செய்யும். கம்பெனி டிரைவரை நம்பி ஓடுற எடைச் சீட்டு டாட் மேட்ரிக்ஸும் லேபிள் பிரின்டரும் அப்படியே நின்னுடும். அதைத் தொடணும்னா ஞாயித்துக்கிழமை தொடுங்க. லாரி வர்ற காலையில வேண்டாம்.